என் காய்ச்சலைத் திருடியவர்

ஜனவரி 18

வாடிக்கையாளர்கள் கூட்டம் முடிந்து இப்போதுதான் வந்தேன். காலெல்லாம் வலி. ஓட்டல் கூடத்து வாசலில் மேசை போட்டு, வருகிறவர்களுக்குப் பெயர் அட்டை எடுத்துக் கொடுக்கும் வேலை எனக்கு. அத்தானின் முதலீட்டு நிறுவனத்தில் மூன்று வருடமாகப் பங்கு ஆய்வாளர் என்று சம்பளம் வாங்குகிறேன். வருடத்துக்கு ஒரு நாள் அட்டை விநியோகம். அதில் எனக்குக் குறையில்லை. ஆள் பற்றாத நிறுவனம். அக்காகூட வந்து நாற்காலி இழுத்துப் போட்டாள்.

குறை வேறு. நான் உள்ளே போய்க் கடைசி வரிசையில் நின்றபோது, அத்தான் மேடையில் மூடிக் கதை சொல்லிக்கொண்டிருந்தார். மருந்து பாட்டில்களுக்கு மூடி செய்கிற கம்பெனி. போன வருடம் எங்களுக்கு அதிக லாபம் கொடுத்த பங்கு அதுதான். யாரும் திரும்பிப் பார்க்காமல் அடிமாட்டு விலைக்குக் கிடந்தது. அதைக் கண்டுபிடித்தது நான். அறிக்கை எழுதியது நான். "மூடியா? வேற ஒண்ணும் கிடைக்கலியா?" என்று அத்தான் சிரித்ததால், கம்பெனி சொல்கிற அளவுக்குச் சரக்கு உண்மையிலேயே வெளியே போகிறதா என்று பார்க்க, ஆலைக்கு எதிர்ப்பக்கம் மழையில் நின்று லாரி எண்ணியதும் நான்.

மேடையில் லாரி எண்ணியது அத்தான். "மழை கொட்டுது. குடை இல்ல. நிக்கறேன். செக்யூரிட்டி என்னப் பாத்து, யாரோ பைத்தியம்னு நெனச்சுட்டான்" என்கிறார். கூட்டம் சிரிக்கிறது. சரி, முதலாளி என்றால் எல்லாவற்றையும் தன் பெயரில் சொல்வார், தொழிலில் உண்டு என்று பல்லைக் கடித்துக்கொண்டேன். அப்புறம்தான் அதைச் சொன்னார். "வீட்டுக்கு வந்து காய்ச்சல்ல விழுந்துட்டேன். ஆனா மனசு நெறஞ்சிருந்தது. இந்தக் கம்பெனி பொய் சொல்லல."

என் காய்ச்சல்! என் காய்ச்சலைக்கூட விடவில்லை இந்த மனுஷன். ஒரு வாரம் நான் விழுங்கிய மாத்திரை, எனக்கு நாக்கில் இருந்த கசப்பு. பொய் சொல்கிறவர்களுக்குக் கண் எங்கேயாவது ஓடும். அவருக்கு ஓடவில்லை. தானே நம்பிச் சொன்னார்.

ஜனவரி 19

அப்பாவிடம் சொன்னேன். செய்தித்தாளை மடிக்காமலேயே பதில் சொன்னார். "குடும்பத்துக்குள்ள என்னடி உன்னோடது என்னோடது? அவருக்குப் பேர் வந்தா உங்க அக்காவுக்குத்தானே நல்லது."

ஊரார் வீட்டு நெய்யே, என் பெண்டாட்டி கையே என்றானாம் ஒருவன். அப்பாவின் இருதய ஆபரேஷனுக்குப் பணம் கட்டியவர் அத்தான். எனக்கு வேலை கொடுத்தவர் அத்தான். அதனால் அந்த நெய்யைப் பற்றி இந்த வீட்டில் யாரும் வாய் திறக்கக் கூடாது.

ஜனவரி 20

பழி வாங்காமல் விடப்போவதில்லை. எழுதியாயிற்று.

ஜனவரி 27

அத்தானிடம் நான் கற்றுக்கொண்ட ஒரு நல்ல பழக்கத்தை அவருக்கு எதிராகவே பயன்படுத்தப் போகிறேன். "ஒரு பங்க வாங்கறதுக்கு முன்னாடி, ஏன் வாங்கறேன்னு தேதி போட்டு எழுதி வை. பின்னாடி உனக்கு நீயே கதை விட முடியாது" என்பார். எழுதுகிறேன்.

பிசினஸ் ஸ்கூலில் படிக்கப் போகிறேன். மதிப்பு முதலீட்டில் அவரைவிடப் பெரிய ஆளாக வேண்டும். பிறகு தனி நிறுவனம். அவருடைய வாடிக்கையாளர்கள் ஒவ்வொருவராக என் வாசலுக்கு வர வேண்டும். வாசலில் அத்தான் உட்கார்ந்து பெயர் அட்டை எடுத்துக் கொடுக்க வேண்டும். கடைசி வாக்கியம் கொஞ்சம் அதிகப்படி. இருக்கட்டும், கோடு போட்டு அடிக்கப் போவதில்லை.

எந்தப் பள்ளி என்பதுதான் கேள்வி. எங்கள் தொழில் கேட்கச் சுலபம். ஒரு கம்பெனியின் உண்மையான பெறுமதி என்ன என்று கணக்குப் போட்டு, அதைவிட வெகு மலிவாகக் கிடைக்கும்போது பங்கை வாங்கிப் போட்டு, மற்றவர்களுக்குப் புத்தி வரும்வரை காத்திருப்பது. இதைக் கற்றுக்கொடுக்கிறோம் என்று எல்லாப் பள்ளியும் விளம்பரம் செய்கிறது. பாதி இடங்களில் கற்றுக்கொடுப்பவர் வாழ்க்கையில் ஒரு பங்கு வாங்கியதில்லை. நீச்சல் தெரியாதவர் கரையில் நின்று விசில் ஊதுவது மாதிரி.

பெரிய பள்ளி என்றால் அத்தான் படித்த பள்ளி. கண்ணாடிக் கட்டடம், வாசலில் செயற்கை நீர்வீழ்ச்சி. வங்கிக்காரர்களை வார்த்தெடுக்கும் இடம். மதிப்பு முதலீட்டுக்கு ஒரே ஒரு பாடம், அதுவும் விருப்பப் பாடம். ஆனால் பழைய மாணவர் சங்கம் பெரிது, வேலை தேடி வரும். அந்தச் சங்கத்தில் அத்தான் நிர்வாகி என்பதால் எனக்கு அந்த வழி அடைபட்டது. அவர் சொல்லி இடம் வாங்கினால் காலத்துக்கும் சொல்லிக்காட்டுவார்.

சின்னப் பள்ளியில் இதற்கென்றே தனி வகுப்பு இருக்கிறது. விரல்விட்டு எண்ணக்கூடிய மாணவர்கள். நடத்துகிற அம்மா ஆயுசில் பாதியைப் பிறர் பணத்தை முதலீடு செய்வதில் கழித்தவர். ஆண்டறிக்கையைக் கடைசிப் பக்கத்திலிருந்து முன்னால் படித்து வரச் சொல்வாராம். முன்பக்கத்தில் இருப்பது கம்பெனி சொல்ல ஆசைப்படுவது, பின்பக்கத்தில் இருப்பது சட்டத்துக்குப் பயந்து சொல்வது. அவருக்குக் கடைசிப் பக்கத்து அம்மா என்று பெயர் வைத்திருக்கிறேன்.

இன்னொன்று, பல்கலைக்கழகத்தின் மேலாண்மைத் துறை. பழைய கட்டடம், குறைந்த கட்டணம். மாணவர்களே நடத்தும் ஒரு சிறிய முதலீட்டு ஃபண்ட் இருக்கிறது, நிஜப் பணம். ஆனால் பெயரைச் சொன்னால் "அது எங்க இருக்கு?" என்பார்கள். அதில் சேர்ந்தால் அத்தானுக்கு ஒரு முடியும் உதிராது. ஒப்புக்கு ஒரு விண்ணப்பம் போட்டு வைக்கலாம்.

பிப்ரவரி 3

அக்கா வீட்டுச் சமையலறை. அவள் பாத்திரம் கழுவ, நான் துடைத்துக்கொண்டிருந்தேன். சின்னப் பள்ளி பேச்சை மெல்ல எடுத்தேன். அக்கா குழாயை மூடிவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள்.

"அவர்கிட்ட அந்தப் பேரச் சொல்லிடாத. அங்க சேரணும்னுதான் மொதல்ல ஆசப்பட்டாரு. ரெண்டு தடவ எழுதிப் போட்டாரு. எடுத்துக்கல. அப்புறம்தான் அந்தப் பெரிய ஸ்கூலுக்குப் போனாரு. இன்னிக்கும் டீவில அந்தம்மா வந்தா சேனல மாத்திடுவாரு."

கையில் இருந்த தட்டைத் துடைத்துக்கொண்டே இருந்தேன். "தேயப் போவுதுடி" என்றாள்.

பிப்ரவரி 4

முடிவாயிற்று. சின்னப் பள்ளி. காரணத்தை நேர்மையாக எழுதுகிறேன்: அந்த அம்மா நன்றாகக் கற்றுக்கொடுப்பார் என்பதற்காக அல்ல. அத்தானுக்குக் கிடைக்காதது எனக்குக் கிடைக்க வேண்டும். அவர் சேனல் மாற்றும்போது நான் அந்த அம்மா பக்கத்தில் இருக்க வேண்டும்.

பிப்ரவரி 16

சின்னப் பள்ளிக்கு மதிப்பெண்ணைவிட முக்கியம், நாமே ஒரு கம்பெனியை எடுத்துக்கொண்டு, அதன் பங்கை வாங்கலாமா விற்கலாமா என்று எழுதிக் கொடுத்து, நேரில் வாதாடுவது. தேர்வுக் குழுவில் பெரிய பெரிய ஃபண்ட் நடத்துகிறவர்கள் வந்து உட்காருவார்கள். நல்ல ஆய்வுகளை அவர்களுக்குள் அனுப்பிக்கொள்வார்கள்.

எந்தக் கம்பெனி என்று யோசிக்கவே இல்லை. அத்தான் தன் ஃபண்டில் அதிகமாகப் போட்டு வைத்திருப்பது ஒரு மெத்தைக் கம்பெனியில். ஊரெல்லாம் ஷோரூம். விலை இரண்டு வருடமாக ஏறவும் இல்லை, இறங்கவும் இல்லை. வாடிக்கையாளர்கள் முணுமுணுக்கிறார்கள். நான் அதை எடுத்து, இது உதவாக்கரை, விற்றுவிடுங்கள் என்று எழுதப் போகிறேன். ஃபண்ட்காரர்கள் படிப்பார்கள். ஒருவர் விற்றால் பத்துப் பேர் விற்பார்கள். அத்தான் தன் பெரிய மெத்தையிலிருந்து தரையில் விழ வேண்டும்.

விண்ணப்பத்தில் ஒரு விநோதம். முதல் கேள்வியே, "இந்த யோசனை யாருடையது?" வேறு யாருடையதாக இருக்கும்? "என்னுடையது" என்று போட்டுவிட்டு அடுத்த கேள்விக்குப் போய்விட்டேன்.

பல்கலைக்கழகத்துக்குப் புதிதாக எதுவும் எழுத நேரமில்லை. என் பழைய மூடி அறிக்கையின் முதல் வரைவை அப்படியே அனுப்பினேன்.

பிப்ரவரி 24

ஷோரூமுக்குப் போனேன், கல்யாணம் ஆகப்போகிற பெண் மாதிரி. குறை கண்டுபிடித்தே தீர வேண்டும் என்று போனேன். தூசி இல்லை. பழைய சரக்கு தேங்கவில்லை. விற்பனையாளர் விலை அதிகமான மெத்தையைத் தலையில் கட்டப் பார்ப்பார் என்று காத்திருந்தேன். அவர், "உங்களுக்கு முதுகு வலி இருக்கா? இல்லன்னா இது வேண்டாம்மா, சும்மா காசு" என்கிறார். அடப்பாவி.

மார்ச் 2

இன்னொரு ஷோரூம். அங்கேயும் ஒழுங்கு. ஒரு பாட்டியும் தாத்தாவும் இருபது வருடத்துக்கு முன் வாங்கியது போதாதென்று மகனுக்கும் வாங்க வந்திருந்தார்கள். எனக்கு அழுகையே வந்துவிட்டது.

மார்ச் 8

ஐந்து வருட ஆண்டறிக்கை படித்தாயிற்று. கடன் இல்லை. கணக்கில் கண்கட்டு இல்லை. எதிரி அயோக்கியனாக இருந்தால் தாங்கிக்கொள்ளலாம். எதிரி சரியாக இருந்தால் என்ன செய்வது?

விற்கச் சொல்லி எழுத உட்கார்ந்தேன். ஒரு பக்கம் எழுதினேன். படித்துப் பார்த்தால் மாமியார் மருமகள்மேல் சொல்லும் குற்றம் மாதிரி இருக்கிறது. ஃபண்ட்காரர்கள் ஒரு நிமிடத்தில் கண்டுபிடித்துவிடுவார்கள். கிழித்தேன்.

மார்ச் 10

ஞாயிறு. அக்கா வீட்டில் மதியச் சாப்பாடு. வாய் தவறிக் கேட்பது மாதிரி கேட்டேன். "அத்தான், மெத்தைமேல ஏன் அவ்வளவு நம்பிக்கை?"

பாவம், அவரிடம் யாரும் இதைக் கேட்டதே இல்லை போலிருக்கிறது. சாப்பிட்ட கையைக்கூடக் கழுவாமல் சொன்னார். "யார்கிட்டயும் சொல்லிடாத. அது மெத்தக் கம்பெனியே இல்ல. ஒவ்வொரு ஷோரூம் இருக்கற எடமும் சொந்தம். அந்தக் காலத்துல கம்பெனிக்காரரோட அப்பா, ஊருக்கு வெளியன்னு மலிவா வாங்கிப் போட்டது. இன்னிக்கு அதெல்லாம் ஊருக்கு நடுவுல. கணக்குல இன்னும் வாங்கின வெலதான் போட்டிருக்கு. நிலத்த மட்டும் வித்தாலே இப்ப இருக்கற மொத்தப் பங்கு வெலையும் வந்துடும். மெத்த நமக்கு இனாம்!"

நான் ஆண்டறிக்கை படித்தவள்தான். நிலம் என்ற வரியைப் பார்த்தவள்தான். தாண்டிப் போய்விட்டேன். குறை தேடுகிற கண்ணுக்கு நிறை தெரியவில்லை.

"எப்படிக் கண்டுபிடிச்சீங்க?"

"ஒரு ஷோரூம்ல படுத்துப் பாத்தேன். அப்படியே தூங்கிட்டேன்" என்றார், வெட்கத்தோடு சிரித்துக்கொண்டே. "மேனேஜர் வந்து எழுப்பறான். அசடு வழியாம இருக்கணுமேன்னு, வாடக எவ்வளவுங்கன்னு கேட்டேன். வாடகையா, இது எங்க சொந்தக் கட்டடம் சார்ங்கறான். தூக்கம் கலஞ்சுடுச்சு!"

அக்கா சிரித்தாள். நானும் சிரித்தேன். பிரமாதமான கதை. உள்ளே வேறொன்று ஓடிக்கொண்டிருந்தது.

மார்ச் 11

முள்ளை முள்ளால்தான் எடுக்க வேண்டும். அவர் என் காய்ச்சலை எடுத்துக்கொண்டார். நான் அவருடைய தூக்கத்தை எடுத்துக்கொள்கிறேன். வாங்கச் சொல்லி எழுதி விண்ணப்பத்தை அனுப்பியாயிற்று, முதல் கேள்விக்குப் பழைய பதிலே.

ஏப்ரல் 6

நேர்முகத் தேர்வு முடிந்தது. நீளமான மேசை, அந்தப் பக்கம் ஐந்து பேர். கடைசிப் பக்கத்து அம்மா ஓரமாக ஒரு நாற்காலியில் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்திருந்தார். காலணியைக் கழற்றி வைத்திருந்தார்.

நிலக் கணக்கை அடுக்கினேன். பிறகு சொன்னேன்: "ஷோரூமில் படுத்துப் பார்த்தேன். தூங்கிவிட்டேன்." மேசையே சிரித்தது. மேனேஜர் எழுப்பியது, அசடு வழியாமல் இருக்க வாடகை கேட்டது, எல்லாம். அத்தான் நிறுத்திய இடங்களில் நானும் நிறுத்தினேன். என் கண் ஓடியதா? தெரியவில்லை. நடுவில் ஒரு கணம் அந்த மெத்தையின் குளிர்ச்சிகூட முதுகில் பட்டது. சத்தியமாக.

வெளியே வந்து ஒரு காபி குடித்தேன். இரண்டாவதும் குடித்தேன்.

ஏப்ரல் 19

பல்கலைக்கழகத்திலிருந்து ஒரு பேராசிரியர் போன் செய்தார். மூடி அறிக்கையைப் படித்தாராம். "ஒரே ஒரு சந்தேகம். லாரி போச்சு, சரி. காலியா போச்சா, சரக்கோட போச்சா, எப்படித் தெரியும்?"

"டயரப் பாத்தேன் சார். உள்ள போறப்ப எழும்பியிருந்தது. வெளிய வர்றப்ப அழுந்தியிருந்தது."

"ம்" என்றார். ஏதோ எழுதிக்கொள்கிற சத்தம் கேட்டது. "இத அறிக்கையில போடலியேம்மா." "யாரும் கேக்கல சார்." அவ்வளவுதான் பேச்சு. அலுவலகத்தில் வேலை கிடந்ததால் சீக்கிரம் வைத்துவிட்டேன்.

ஏப்ரல் 30

பல்கலைக்கழகத்தில் இடம் கொடுத்திருக்கிறார்கள். கட்டணத்தில் சலுகையும் உண்டு. பதில் சொல்ல ஜூன் பாதிவரை அவகாசம். இருக்கட்டும் ஒரு பக்கம்.

மே 7

கிடைத்துவிட்டது! சின்னப் பள்ளி! அத்தானுக்கு இரண்டு முறை கிடைக்காதது எனக்கு முதல் முறையே! வீட்டில் யாரிடமும் சொல்லவில்லை. தேர்வான ஆய்வுகளைப் பள்ளி தன் செய்தி மடலில் வெளியிடும், எல்லா ஃபண்டுக்கும் போகும். அவர் அதில்தான் பார்க்க வேண்டும். தன் மெத்தை, தன் நிலம், தன் தூக்கம், மேலே என் பெயர். அந்த முகத்தைப் பார்க்க வேண்டும். அதற்காகவே இன்னும் வேலையை விடாமல் இருக்கிறேன்.

மே 12

மடல் வரவில்லை.

மே 15

வரவில்லை. தூக்கம் இல்லை, பசி இல்லை. காதலிக்கிறவர்களுக்கு இப்படி இருக்கும் என்பார்கள்.

மே 23

வந்துவிட்டது. நடந்ததை எப்படி எழுதுவது?

காலையில் அத்தான் தன் அறைக்குள் இருந்தார். கண்ணாடி வழியாகப் பார்த்துக்கொண்டே இருந்தேன். கணினித் திரையில் படிக்கிறார். முன்னால் சாய்ந்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி படித்தார். எழுந்தார். வருகிறார். மனப்பாடம் செய்து வைத்திருந்த வசனம் தொண்டையில் தயார்: "குடும்பத்துக்குள்ள என்ன அத்தான், உங்களோடது என்னோடது?"

வந்து என் தலையில் கை வைத்தார். கண் கலங்கியிருக்கிறது! அலுவலகம் முழுக்கக் கேட்கிற மாதிரி, "நான் தூங்கினதக்கூடப் போட்டிருக்கா பாருங்க! நான் வளத்த பொண்ணு!" என்று சிரிக்கிறார். "எனக்குக் குடுக்காத எடத்த, என் யோசனைக்கே குடுத்துட்டாங்க. ஏ, யாராவது கேக் வாங்கிட்டு வாங்கப்பா!"

கேக் வந்தது. வெட்டச் சொன்னார்கள். வெட்டினேன்.

மே 24

கோபப்படுவார் என்று நினைத்தேன். துடிப்பார் என்று நினைத்தேன். சந்தோஷப்பட்டுவிட்டாரே— இப்படி ஒன்று நடக்கும் என்று கனவிலாவது நினைத்தேனா? பிள்ளையார் பிடிக்கப் போய்க் குரங்காய் முடிந்தது.

திட்டியிருக்கக் கூடாதா? ஒரு அறை விட்டிருந்தால்கூடத் தேவலை. கேக்கு வாங்கறாராம், கேக்கு.

மே 27

வாடிக்கையாளர்களுக்கு அத்தான் மின்னஞ்சல் அனுப்பியிருக்கிறார். "என் மைத்துனி நாட்டிலேயே கடினமான வகுப்பில் இடம் பிடித்திருக்கிறாள், நம் மெத்தை யோசனையை வைத்து." மூன்று பேர் எனக்கு வாழ்த்துச் சொல்லிப் போன் செய்தார்கள். ஒருவர், "சார் மாதிரி ஒரு குரு கிடைக்கணும்மா" என்றார்.

அப்பா எதிர்வீட்டுக்காரரிடம் சொல்லிக்கொண்டிருந்தார். "எல்லாம் மாப்பிள்ளை போட்ட பிச்சை."

மறுக்க என்ன இருக்கிறது? மூடி விஷயத்தில் அவர் சொன்னது பொய். இது உண்மை. ஒவ்வொரு எழுத்தும் உண்மை. நானே உண்மையாக்கிக் கொடுத்திருக்கிறேன். இனி நான் மூடிக் கதையைச் சொன்னாலும் யார் நம்புவார்கள்? "அத்தான் யோசனையில சீட்டு வாங்கினவதானே" என்பார்கள். அந்த வகுப்பில் நான் முதல் மாணவியாக வந்தாலும், நாளைக்குத் தனி நிறுவனம் வைத்தாலும், அதற்கும் அடியில் அவர் தூக்கம் இருக்கும். மெத்தை போட்டு நானே படுக்க வைத்துவிட்டேன்.

ஜூன் 1

குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டு கத்தினேன். அப்பா, "பல்லி கில்லி இருக்கா?" என்றார்.

ஜூன் 3

கடைசிப் பக்கத்து அம்மாவுக்கு எழுதினேன். இரண்டே வரி. இந்த யோசனை என்னுடையது அல்ல, என் அக்கா கணவருடையது. ஷோரூமில் தூங்கியதும் அவர்தான்.

அனுப்பியும்விட்டேன். மனசாட்சியா? இல்லை, பொய் எழுத மாட்டேன். அந்த இடத்தில் அவருடைய பங்கைப் பிடுங்கி எறிய வேண்டும், எனக்கு இல்லாமல் போனாலும் சரி. அதுதான் காரணம். தேதி போட்டு எழுதியிருக்கிறேன்.

ஜூன் 6

பதில். அதுவும் சின்னதுதான். "தெரிவித்ததற்கு நன்றி. உங்கள் இடத்தைத் திரும்பப் பெறுகிறோம். அடுத்தவரிடமிருந்து யோசனை எடுப்பதை நாங்கள் குற்றமாக நினைப்பதில்லை. இந்தத் தொழிலில் எல்லாரும் எடுக்கிறோம். அதனால்தான் யாருடையது என்று முதலிலேயே கேட்கிறோம். இந்த வருடம் சேர்ந்தவர்களில் நான்கு பேர் வேறொருவர் பெயரைத்தான் எழுதியிருந்தார்கள். நீங்களும் எழுதியிருந்தால் சேர்த்துக்கொண்டிருப்போம்."

நான்கு பேர்.

ஜூன் 7

அந்தக் கேள்வியை நான் படிக்கவே இல்லை. அதாவது படித்தேன், கேள்வியாகப் படிக்கவில்லை. ஒருவேளை அத்தானையும் இதே கேள்வியில்தான் கழித்தார்களோ? கேட்கப் போவதில்லை. கேட்டால் அதற்கும் ஒரு கதை வைத்திருப்பார்.

ஒன்று மட்டும் புரிகிறது. அத்தான் என் பெயரை விழுங்கியது எனக்கு எரிந்தது. "என்னுடையது" என்று நான் எழுதி அனுப்பியபோது ஒரு சின்ன உறுத்தல்கூட இல்லை. அவர் மேடையில் நின்றபோதும் இப்படித்தான் இருந்திருக்கும். இதனால் அவர்மேல் கோபம் குறைந்துவிட்டதா என்றால், இல்லை. கூடியிருக்கிறது. என்னையும் தன்னைப்போல் ஆக்கிவிட்டாரே என்று.

ஜூன் 9

இடம் போய்விட்டது என்று மட்டும் வீட்டில் சொல்லியிருந்தேன். அதற்குள் பெரிய பள்ளியில் அத்தான் பேசி வைத்திருக்கிறாராம். அக்கா சொன்னாள். "அந்த ஸ்கூல் இல்லன்னா என்ன, இங்க சேரு, அவர் ஒரு போன் பண்ணினா போதும். ஃபீஸும் கட்டறேங்கறார்." நல்ல மனசு. அதுதான் அவரிடம் தாங்க முடியாதது.

மதியம் மூன்று பள்ளியையும் வைத்து மறுபடி யோசித்தேன். இந்த முறை யாருக்கு எரியும் என்று கேட்டுக்கொள்ளவில்லை. எந்த இடத்தில் என்னைத் தவிர வேறு யார் கையும் இல்லை என்று கேட்டுக்கொண்டேன். பல்கலைக்கழகம். அங்கே என்னுடைய அறிக்கையைப் படித்து, என்னிடம் கேட்க வேண்டிய கேள்வியை ஒரு மனிதர் கேட்டிருக்கிறார். நான் போனைச் சீக்கிரம் வைத்திருக்கிறேன். சந்தையில் எல்லாரும் தாண்டிப் போகிற பங்கைக் கண்டுபிடிப்பதாகப் பெருமை எனக்கு.

ஜூன் 11

பணம் கட்டிவிட்டேன், என் சேமிப்பிலிருந்து. வேலையை விட்டுவிட்டேன். அத்தான், "அந்தப் பேரே நான் கேள்விப்பட்டதில்லையே" என்றார். உண்மையிலேயே வருத்தப்பட்டார். அப்பா இரண்டு நாளாக என்னோடு பேசவில்லை. வீடு அமைதியாக இருக்கிறது.

ஆகஸ்ட் 29

வகுப்பு தொடங்கி மூன்றாவது வாரம். மாடிப்படியில் கைப்பிடி ஆடுகிறது, மின்விசிறி சத்தம் போடுகிறது, பேராசிரியர் மின்விசிறியைவிடச் சத்தமாகப் பேசுகிறார். எங்கள் ஃபண்டுக்கு என்ன வாங்கலாம் என்று இன்று நானும் இன்னொரு மாணவியும் கத்திக்கொண்டோம். அவள் வென்றாள். பலகையில் யோசனைக்கு நேராக அவள் பெயரையே எழுதினார்கள். பரவாயில்லை, அடுத்த வாரம் பார்த்துக்கொள்கிறேன் அவளை.

மாலையில் அத்தான் போன். வாடிக்கையாளர்களுக்கு அரையாண்டுக் கடிதம் எழுதுகிறாராம், என்னைப் பற்றி இரண்டு வரி போட வேண்டுமாம்.

"அந்த டிபார்ட்மென்ட்ல எனக்குத் தெரிஞ்சவங்க யாராவது இருக்காங்களா?"

"இல்ல அத்தான்."

"நம்ம மெத்தய அங்க வாங்க வெச்சியா?"

"இல்ல அத்தான். அது உங்களோடது."

"ஃபீஸுக்கு அப்பா ஏதாவது என்கிட்ட வாங்கிக் குடுத்தாரா? எனக்கு ஞாபகம் இல்ல."

"நானே கட்டினேன்."

எதிர்ப்பக்கம் விசைப்பலகையில் ஏதோ தட்டுகிற சத்தம். அழிக்கிற சத்தம். "அப்ப நான் என்னத்த எழுதறது?" என்றார். குழந்தை மாதிரி கேட்டார். அந்த ஒரு கேள்விக்காக நான் ஏழு மாதத்துக்கு மேல் காத்திருந்தேன் என்பது அவருக்குத் தெரியாது.

"ஒண்ணும் எழுத வேணாம் அத்தான்" என்றேன், பணிவாக.

போன் அக்கா கைக்குப் போனது. "என்னடி சொன்ன அவர? மூஞ்சியத் தொங்கப் போட்டுக்கிட்டுப் போறாரு?"

"ஒண்ணும் சொல்லலக்கா."

போனை வைத்துவிட்டு வந்து நன்றாகச் சாப்பிட்டேன்.